என்கிளெக்ஸ் தேர்வுப் பதிவும் அலுவலகத் தாமதங்களும்

என்கிளெக்ஸ்-ஆர்என் என்பது அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராகப் பணிபுரிய உரிமம் பெறுவதற்கான தேர்வு ஆகும். வெளிநாட்டில் படித்த செவிலியர்களும் இத்தேர்வில் வெற்றி பெற்றால்தான் அங்கு உரிமம் பெற முடியும். தமிழ்நாட்டில் செவிலியர் பட்டப் படிப்போ பட்டயப் படிப்போ முடித்த பலர் இத்தேர்வுக்கு விண்ணப்பிக்கின்றனர். தேர்வு ஐந்து மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். ஆனால் தேர்வு அறைக்குள் நுழைய அனுமதி கிடைப்பதற்கே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. கல்லூரி, பல்கலைக்கழகம், செவிலியர் குழுமம், தகுதி மதிப்பீட்டு நிறுவனம், அமெரிக்க மாநில வாரியம் என ஐந்து இடங்களில் தாள்கள் நகர வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

இந்தத் தாமதம் ஒரே வரிசையில் நின்று காத்திருப்பது போன்றதன்று. ஓர் அலுவலகத்தின் வேலை முடிந்த பிறகே அடுத்த அலுவலகத்தின் வேலை தொடங்கும். விண்ணப்பம் இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது என்பதை அறியாதவர், தவறான அலுவலகத்திற்குத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார். தாமதம் எங்கெங்கே ஏற்படுகிறது, எந்தக் காலக்கெடு எப்போது ஓடத் தொடங்குகிறது, எதை முதலில் செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்வின் பின்னணி

அமெரிக்காவில் செவிலியர் உரிமம் வழங்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இல்லை. அந்தந்த மாநிலங்களிடம் உள்ளது. 1903-ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலம் செவிலியர் பதிவுக்கான முதல் சட்டத்தை இயற்றியது. பின்னர் மற்ற மாநிலங்களும் தனித்தனியே சட்டங்களை இயற்றின. 1944-இல் மாநிலங்களுக்கான பொதுத் தேர்வு முறை ஒன்று உருவானது. 1978-இல் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் குழு தொடங்கப்பட்டது. சிகாகோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்பே என்கிளெக்ஸ் தேர்வை உருவாக்கி நடத்துகிறது. 1994 முதல் இத்தேர்வு கணினி வழியில் நடைபெறுகிறது. 2023 ஏப்ரல் முதல் புதிய வடிவில் நடத்தப்படுகிறது. இதில் குறைந்தது 85 வினாக்களும் அதிகபட்சம் 150 வினாக்களும் கேட்கப்படும்.

தேர்வு பொதுவானது என்றாலும், யாரைத் தேர்வெழுத அனுமதிப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனியே முடிவு செய்கிறது. நியூயார்க்கில் அம்மாநிலக் கல்வித் துறை இதைக் கவனிக்கிறது. கலிபோர்னியாவில் பதிவுபெற்ற செவிலியர்களுக்கென்றே தனி வாரியம் உள்ளது. இந்த அமைப்புகள் கேட்கும் படிவங்களும் சான்றுகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு மாநிலத்திற்கு விண்ணப்பித்த தோழி சொன்ன வழிமுறை, வேறு மாநிலத்திற்கு விண்ணப்பிப்பவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

கனடாவில் 2015 முதலும், வெளிநாட்டில் படித்த செவிலியர்களுக்கான ஆஸ்திரேலிய மதிப்பீட்டில் 2020 முதலும் இதே தேர்வு பயன்படுத்தப்படுகிறது. அந்நாடுகளின் பதிவு நடைமுறை வேறு. இக்கட்டுரை அமெரிக்க நடைமுறையை மட்டுமே விளக்குகிறது.

விண்ணப்பம் செல்லும் வழி

தமிழ்நாட்டில் படித்த ஒருவரின் விண்ணப்பம் பொதுவாகப் பின்வரும் கட்டங்களைக் கடக்கிறது.

1. விண்ணப்பிப்பவர் ஓர் அமெரிக்க மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் செவிலியர் வாரியத்தில் உரிமத்திற்கு விண்ணப்பிக்கிறார்.

2. அந்த வாரியம் கேட்டால், கல்வித் தகுதி மதிப்பீட்டு நிறுவனத்தில் கோப்பு ஒன்றைத் தொடங்குகிறார். பெரும்பாலோர் அறிந்த நிறுவனம் சிஜிஎஃப்என்எஸ். 1977-இல் தொடங்கப்பட்ட இது, 2025 முதல் ட்ரூமெரிட் என்ற பெயரில் இயங்குகிறது.

3. அவர் படித்த கல்லூரியும் பல்கலைக்கழகமும், பாடவாரியாக மதிப்பெண், வகுப்பு மணி நேரம், மருத்துவமனைப் பயிற்சி மணி நேரம் ஆகியவற்றைக் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட் என்னும் படிப்பு விவரச் சான்றை மதிப்பீட்டு நிறுவனத்திற்கு நேரடியாக அனுப்புகின்றன.

4. அவர் பதிவு செய்துள்ள செவிலியர் குழுமம், பதிவு உண்மையானது, நடப்பில் உள்ளது என்பதை உறுதிப்படுத்தி அதே நிறுவனத்திற்கு நேரடியாக எழுதுகிறது.

5. மதிப்பீட்டு நிறுவனம் அறிக்கை தயாரித்து மாநில வாரியத்திற்கு அனுப்புகிறது.

6. விண்ணப்பிப்பவர், தேர்வு மையங்களை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தில் 200 டாலர் கட்டணம் செலுத்தித் தேர்வுக்குப் பதிவு செய்கிறார்.

7. மாநில வாரியம் அவரைத் தகுதியுடையவர் என அறிவித்ததும், ஏடிடி எனப்படும் தேர்வெழுதும் அனுமதி மின்னஞ்சலில் வருகிறது.

8. அதன்பின் அவர் தேர்வு நாளையும் மையத்தையும் தெரிவு செய்கிறார். சென்னையிலும் தேர்வு மையம் உள்ளது. அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவோர் கூடுதலாக 150 டாலரும் அதற்கான வரியும் செலுத்த வேண்டும்.

மேற்கண்ட எட்டில் விண்ணப்பிப்பவரின் கையில் இருப்பவை 1, 2, 6, 8 ஆகிய நான்கு மட்டுமே. மற்ற நான்கும் அலுவலகங்களுக்கு இடையே நடப்பவை. தாமதம் பெரும்பாலும் இந்த நான்கில்தான் ஏற்படுகிறது.

ஏன் இத்தனை சரிபார்ப்பு

"சான்றிதழ்கள் எல்லாம் கையில் இருக்கும்போது, அவற்றை நகலெடுத்து அனுப்பினால் போதாதா?" என்ற கேள்வி இயல்பாக எழும். போதாது என்பதே விடை. விண்ணப்பிப்பவர் கைப்பட அனுப்பும் எந்தச் சான்றையும் மதிப்பீட்டு நிறுவனங்கள் இறுதிச் சான்றாக ஏற்பதில்லை. சான்றை வழங்கிய நிறுவனமே அதை நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும். இது மூலத்திடமிருந்தே சரிபார்த்தல் எனப்படுகிறது.

இந்த ஐயம் வெளிநாட்டவர் மீது மட்டும் உள்ளதன்று. 2023 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஒரு பெரிய மோசடியை வெளிக்கொணர்ந்தது. புளோரிடா மாநிலத்தில் இயங்கிய மூன்று செவிலியர் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்கள் விற்கப்பட்டிருந்தன. அவற்றை வாங்கியவர்களில் பலர் அதைக் காட்டியே என்கிளெக்ஸ் தேர்வையும் எழுதியிருந்தனர். இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகு வாரியங்கள் ஆவணங்களை மேலும் கூர்ந்து பார்க்கின்றன. ஒரு நோயாளியின் உயிர் செவிலியரின் கையில் இருப்பதால் இந்தச் சரிபார்ப்பைத் தேவையற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நேர்மையாகப் படித்தவரும் அதற்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது.

தாமதம் ஏற்படும் இடங்கள்

கல்லூரியும் பல்கலைக்கழகமும்

தமிழ்நாட்டின் பெரும்பாலான செவிலியர் கல்லூரிகள், 1988 முதல் இயங்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டவை. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். வகுப்பு மணி நேரமும் மருத்துவமனைப் பயிற்சி மணி நேரமும் பதிவாகியிருப்பது கல்லூரியில். ஆகவே ஒரே டிரான்ஸ்கிரிப்டுக்காக இரண்டு இடங்களிலும் வேலை நடக்க வேண்டியுள்ளது.

இங்கு மூன்று சிக்கல்கள் அடிக்கடி எழுகின்றன. முதலாவது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் படித்தவர்களின் பயிற்சிப் பதிவேடுகளைத் தேடி எடுக்க வேண்டியிருப்பது. இரண்டாவது, படிவத்தில் கேட்கப்படும் பாடப் பிரிவுகளும் கல்லூரியின் பாடத் தலைப்புகளும் ஒத்துப்போகாதது. குழந்தைகள் நலம், மனநலம், மகப்பேறு, சமூக நலம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மணி நேரம் கேட்கும்போது, எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதி அனுப்பினால் கோப்பு திரும்பி வரும். மூன்றாவது, முத்திரை, கையொப்பம், தேதி ஆகியவற்றில் ஒன்று விடுபடுவது. உறையின் ஒட்டுமடிப்பின் மேல் கல்லூரி முத்திரை இல்லை என்ற காரணத்துக்காகவே ஒரு கோப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம்.

சில மாநிலங்கள் பயிற்சியின் அளவை மட்டுமன்றி, அது நடந்த காலத்தையும் பார்க்கின்றன. கலிபோர்னியாவில் ஒரு பாடத்தின் வகுப்பும் அதற்குரிய மருத்துவமனைப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது விதி. வகுப்பு ஓர் ஆண்டிலும் பயிற்சி அடுத்த ஆண்டிலும் நடந்ததாகக் காட்டும் சான்று அங்கு கேள்விக்குள்ளாகும். மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதுபோன்ற விதிகளைப் படித்துப் பார்ப்பது பின்னால் வரும் பெருந்தாமதத்தைத் தவிர்க்கும்.

செவிலியர் குழுமம்

தமிழ்நாட்டில் செவிலியர்களைப் பதிவு செய்வது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். பேச்சு வழக்கில் இது நர்சிங் கவுன்சில் எனப்படுகிறது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பழமையான அமைப்பு இது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான இந்தியச் செவிலியர் குழுமம் வேறு. அது நாடு முழுவதற்கும் பாடத்திட்டத் தரத்தை வகுப்பது. அமெரிக்க வாரியம் கேட்கும் பதிவுச் சரிபார்ப்பை, பதிவு செய்த மாநிலக் குழுமம்தான் அனுப்ப வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் தில்லிக்கு எழுதி, பதில் வராமல் காத்திருப்போர் உண்டு.

கர்நாடகத்தில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் பணியாற்றுபவர், அல்லது தமிழ்நாட்டில் படித்துவிட்டு வளைகுடா நாட்டில் பணியாற்றுபவர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதன்முதலில் பதிவு செய்த குழுமத்திடமிருந்தும், இப்போது பதிவு நடப்பில் உள்ள அமைப்பிடமிருந்தும் தனித்தனியே சரிபார்ப்பு கேட்கப்படலாம். பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருந்தால், சரிபார்ப்புக்கு முன் புதுப்பித்தல் வேலை ஒன்று கூடிவிடும். எனவே பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெயர் வேறுபாடு

தமிழர்களுக்கே உரிய தாமதக் காரணம் ஒன்று உண்டு. அது பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்து. எடுத்துக்காட்டாக, சுந்தரம் என்பவரின் மகள் கவிதாவின் பெயர் பள்ளிச் சான்றிதழில் "எஸ். கவிதா" என்றும், கல்லூரிச் சான்றிதழில் "கவிதா எஸ்." என்றும், பாஸ்போர்ட்டில் "கவிதா சுந்தரம்" என்றும் இருக்கும். திருமணத்திற்குப் பின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் தந்தை பெயரின் இடத்தில் கணவர் பெயர் வந்திருக்கும். தமிழ்நாட்டில் யாரும் இதை வேறு வேறு ஆள் என்று நினைக்கமாட்டார்கள். ஆனால் குடும்பப் பெயர், இட்ட பெயர் என்ற இரண்டு கட்டங்களை மட்டுமே அறிந்த ஓர் அமெரிக்க அலுவலருக்கு இவை மூன்று வெவ்வேறு பெயர்கள்.

இதில் இரண்டு நிலைகள் உள்ளன. முதல் நிலை, சான்றிதழ்களுக்கும் விண்ணப்பத்துக்கும் இடையிலான வேறுபாடு. இதை நோட்டரி முன் கையொப்பமிட்ட உறுதிமொழிப் பத்திரத்தாலோ, திருமணச் சான்றாலோ, பெயர் மாற்றம் வெளியான தமிழ்நாடு அரசிதழாலோ விளக்கலாம். எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்பதை அந்தந்த வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் நிலை இன்னும் கடுமையானது. தேர்வு நாளில் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும், தேர்வெழுதும் அனுமதியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் எழுதுவோர் காட்ட வேண்டியது பாஸ்போர்ட். பெயர் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். கட்டிய பணமும் திரும்பாது.

ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே, அதே எழுத்துக்கூட்டலில், எல்லா விண்ணப்பங்களிலும் எழுதுவது பாதுகாப்பானது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள், விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்து மறுவெளியீடு பெறுவது பற்றி யோசிக்கலாம். ஒற்றைப் பெயருடன் செல்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் இட்ட பெயர்க் கட்டத்தில், பெயர் அறியப்படவில்லை எனப் பொருள்படும் "எஃப்என்யூ" என்ற எழுத்துகள் அச்சிடப்படும். பின்னாளில் உரிமம், வங்கி, ஊதியம் எனப் பல இடங்களில் இது தொல்லை தரும். பாஸ்போர்ட்டைத் திருத்துவதானால் தேர்வுப் பதிவுக்கு முன் திருத்த வேண்டும். பதிவு செய்தபின் திருத்தினால், அதுவே புதியதொரு பெயர் வேறுபாட்டை உண்டாக்கிவிடும்.

மாநில வாரியம்

எல்லாத் தாள்களும் போய்ச் சேர்ந்த பிறகும் வாரியத்தின் பரிசீலனைக்குக் காலம் பிடிக்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பை முடித்து வெளிவரும் மாணவர்கள் மே, ஜூன் மாதங்களில் மொத்தமாக விண்ணப்பிப்பதால் அப்போது நெருக்கடி கூடுவது இயல்பு. "கோப்பு முழுமையடையவில்லை" என்று வாரியத்தின் இணையக் கணக்கில் காணப்பட்டால், அது வாரியத்தின் தாமதம் அன்று. ஏதோ ஒரு தாள் இன்னும் வந்து சேரவில்லை என்பதே பொருள். "பரிசீலனையில் உள்ளது" என்றால் மட்டுமே வாரியத்திடம் கேட்பதில் பயன் உண்டு.

தேர்வில் வென்ற பிறகு உரிம எண் வழங்குவதற்கு அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கும் மாநிலங்களும் உண்டு. இந்தியாவில் இருப்பவரிடம் அந்த எண் இருக்காது. அதனால் தேர்ச்சி பெற்றும் உரிமம் கைக்கு வராமல் நிற்க நேரும். மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

ஓடிக்கொண்டிருக்கும் காலக்கெடுக்கள்

அலுவலகங்கள் மெதுவாக நகர்ந்தாலும் சில கடிகாரங்கள் நிற்பதில்லை. பணமும் உழைப்பும் வீணாவது பெரும்பாலும் இவற்றால்தான்.

பியர்சன் வியூவில் செய்த பதிவு 365 நாட்களுக்கு மட்டுமே திறந்திருக்கும். அதற்குள் மாநில வாரியம் தகுதியை அறிவிக்காவிட்டால் பதிவு முடிந்துவிடும். 200 டாலர் திரும்பக் கிடைக்காது. மறுபடி கட்ட வேண்டும்.

தேர்வெழுதும் அனுமதி சராசரியாக 90 நாட்கள் செல்லும். அதில் குறிப்பிட்டுள்ள கடைசி நாளை எக்காரணத்துக்காகவும் நீட்டிக்க மாட்டார்கள். அதற்குள் எழுதாவிட்டால் மீண்டும் பதிவும் கட்டணமும் தேவைப்படும்.

தேர்வு நாளை மாற்ற விரும்பினால் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் மாற்ற வேண்டும். தேர்ச்சி பெறாதவர் மீண்டும் எழுதக் குறைந்தது 45 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ், டோஃபெல், ஓஇடி போன்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். அமெரிக்காவில் வேலை விசா பெற, 1996-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, விசாஸ்கிரீன் என்னும் தனிச் சான்றும் தேவை. அதற்கும் ஆங்கில மதிப்பெண் கேட்கப்படும். முன்னதாகவே அவசரப்பட்டு ஆங்கிலத் தேர்வு எழுதியவர், விசாஸ்கிரீனுக்கு விண்ணப்பிக்கும் வேளையில் மதிப்பெண் காலாவதியாகிவிட, மீண்டும் எழுத நேர்வதுண்டு.

எந்த வரிசையில் தொடங்குவது

இதிலிருந்து எளிய முறை ஒன்று தெளிவாகிறது. காலக்கெடு இல்லாத, ஆனால் நீண்ட நாள் பிடிக்கும் வேலைகளை முதலில் தொடங்க வேண்டும். பணம் கட்டிய நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும் வேலைகளைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

பாஸ்போர்ட் பெயரைச் சரிபார்த்தல், குழுமப் பதிவைப் புதுப்பித்தல், மாநில விதிகளைப் படித்தல் ஆகியவை முதல் அடுக்கு. இவற்றுக்கு எந்தக் கெடுவும் இல்லை. மதிப்பீட்டு நிறுவனத்தில் கோப்பைத் தொடங்கி, டிரான்ஸ்கிரிப்டுக்கும் பதிவுச் சரிபார்ப்புக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பது இரண்டாம் அடுக்கு. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியவை அல்ல. ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்று செய்பவர் தாமே தம் காத்திருப்பை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். மாநில வாரிய விண்ணப்பம் மூன்றாம் அடுக்கு. பியர்சன் வியூ பதிவை, வாரியம் அதை முன்னதாகவே கேட்டாலன்றி, தாள்கள் சேர்ந்துவிட்டன என்று தெரிந்த பிறகு செய்யலாம். ஆங்கிலத் தேர்வை, வாரியத்துக்கும் விசாஸ்கிரீனுக்கும் ஒரே மதிப்பெண் பயன்படும்படி காலம் பார்த்து எழுதலாம்.

அலுவலகங்களை அணுகும் முறை

நேரில் போய், "என் வேலை ஆயிற்றா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவதால் கோப்பு நகர்வதில்லை. அலுவலகம் தாளால் இயங்குவது. எழுத்தில் கேட்டதற்கே எழுத்தில் பதில் சொல்லும் கடமை பிறக்கிறது.

முதல் விண்ணப்பத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியுடன் கூடிய முத்திரையை ஒப்புகையாகப் பெற வேண்டும். அஞ்சலில் அனுப்புவதானால் விரைவு அஞ்சலில் அனுப்பி, கண்காணிப்பு எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். இணையவழி விண்ணப்பமானால் விண்ணப்ப எண்ணும் கட்டண ரசீதும் முக்கியம்.

நினைவூட்டுக் கடிதம் ஒரு பக்கத்திற்கு மேல் போகக் கூடாது. "பொருள்" என்ற இடத்தில் கேட்கும் சான்றின் பெயர், "பார்வை" என்ற இடத்தில் முந்தைய விண்ணப்பத்தின் எண்ணும் நாளும், அடுத்து பதிவெண், படித்த கல்லூரி, ஆண்டு, கட்டணம் செலுத்திய விவரம் ஆகியவை வர வேண்டும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி போதும்: கோப்பு எந்தப் பிரிவில் உள்ளது, மேலும் ஏதேனும் தாள் தேவையா? குறை சொல்வதும் கோபத்தைக் காட்டுவதும் கடிதத்தை நீட்டுமே தவிர வேலையை விரைவுபடுத்தாது. நினைவூட்டலுக்கும் பதில் வராவிட்டால், அடுத்த கடிதத்தைப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு மேலுள்ள பதிவாளருக்கு எழுதி, முந்தைய இரண்டின் நகல்களையும் இணைக்கலாம்.

கல்லூரி அனுப்பும் படிவத்தை, உறையில் இடும் முன் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்பதில் தவறில்லை. பெயர், பிறந்த தேதி, படிப்பின் தொடக்க நாள், முடிவு நாள், மணி நேரம், கையொப்பம், முத்திரை ஆகிய ஏழையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். கல்லூரி அலுவலகத்தில் செலவாகும் இந்தக் கால் மணி நேரம், பின்னால் பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி என ஒரு நோட்டில் பட்டியல் எழுதிவைப்பது பழைய முறையே ஆயினும் மிகப் பயனுள்ளது. கேட்ட நாள், யாரிடம் கேட்டது, அனுப்பிய நாள், கண்காணிப்பு எண், சேர்ந்த நாள் என ஐந்து பத்திகள் போதும். எந்த வரியில் கடைசிப் பத்தி காலியாக உள்ளதோ, அங்கேதான் தாமதம் இருக்கிறது.

சான்றிதழ்களைக் கல்லூரி நிறுத்தி வைத்தால்

பணி ஒப்பந்தம், கட்டண நிலுவை போன்ற காரணங்களைக் காட்டி அசல் சான்றிதழ்களைத் தர மறுக்கும் கல்லூரிகள் சில உண்டு. மாணவர்களின் அசல் சான்றிதழ்களை உயர்கல்வி நிறுவனங்கள் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவுறுத்தியுள்ளது. முதலில் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அதன் நகலுடன் இணைப்பு வழங்கிய பல்கலைக்கழகத்தின் பதிவாளரை அணுகலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

அரசுப் பல்கலைக்கழகமும் செவிலியர் குழுமமும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. இந்தியக் குடிமக்கள் எவரும் 10 ரூபாய் கட்டணத்துடன், அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி அளிக்காவிட்டாலோ, அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். காரணமின்றித் தகவல் தர மறுக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

இந்தச் சட்டத்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். "என் சான்றை உடனே அனுப்புங்கள்" என்று இதில் கேட்க முடியாது. தகவலை மட்டுமே கேட்க முடியும். ஆகவே கேள்விகள் இவ்வாறு அமைய வேண்டும்: இன்ன தேதியில் பெறப்பட்ட இன்ன எண்ணுள்ள விண்ணப்பம் தற்போது எந்த அலுவலரிடம் உள்ளது? ஒவ்வொரு அலுவலரிடமும் அது எத்தனை நாட்கள் இருந்தது? இத்தகைய விண்ணப்பங்களை முடிக்க வகுக்கப்பட்டுள்ள கால அளவு என்ன? இக்கேள்விகளுக்கு விடை எழுத வேண்டுமானால் யாரேனும் ஒருவர் அந்தக் கோப்பைத் தேடி எடுத்தாக வேண்டும். தேங்கிக் கிடந்த கோப்பு நகரத் தொடங்குவதற்குப் பல வேளைகளில் அதுவே போதுமானதாகிறது. ஆயினும் இதை முதல் வாரத்திலேயே கையில் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு நினைவூட்டல்களுக்கும் பதில் இல்லாதபோது பயன்படுத்துவதே முறை.

முகவர்கள்

தாமதத்தைக் கண்டு அஞ்சி, எல்லாவற்றையும் முகவரிடம் ஒப்படைப்போர் பலர். படிவம் நிரப்புவதில் உதவி பெறுவது தவறன்று. ஆனால் மூன்று பொருட்களை எவரிடமும் விட்டுவிடக் கூடாது. அவை அசல் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், மின்னஞ்சல் கணக்கு. தேர்வெழுதும் அனுமதி, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கே வரும். அங்கே முகவரின் முகவரி இருந்தால், 90 நாட்களில் எத்தனை நாட்கள் கழிந்தன என்பதுகூட விண்ணப்பிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

எந்த முகவரும் ஒரு மாநில வாரியத்தின் பரிசீலனையைப் பணம் கொடுத்து விரைவுபடுத்த முடியாது. அப்படிச் சொல்பவர் வேறு எதையோ விற்கிறார் என்றே கொள்ள வேண்டும். போலியாக ஒரு தாள் சேர்க்கப்பட்டு அது கண்டுபிடிக்கப்பட்டால், பாதிக்கப்படுவது விண்ணப்பிப்பவரின் பெயரே. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் இந்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறது.

காத்திருக்கும் காலம்

படிப்பு முடிந்து தேர்வெழுதும் வரை இடைவெளி நீள நீள, தேர்ச்சி வாய்ப்பு குறைவதாகத் தேர்வை நடத்தும் தேசியக் குழுவின் ஆய்வுகளே காட்டியுள்ளன. அலுவலகத் தாமதம் பணத்தை மட்டுமன்றி, படித்ததையும் கரைக்கிறது. எனவே அனுமதி வந்த பிறகு படிக்கலாம் என்று புத்தகத்தை மூடிவைப்பது தவறு. மதிப்பீட்டு நிறுவனத்தில் கோப்பைத் தொடங்கிய நாளிலேயே பயிற்சியையும் தொடங்குவது நல்லது. வார்டு பணியை விடாமல் தொடர்வதும் ஒரு பயிற்சியே. தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதன்று. நோயாளியின் முன் நிற்கும்போது எதை முதலில் செய்வது என்ற முடிவெடுக்கும் திறனைச் சோதிப்பது.

அனுமதி வந்தபின் அதில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் தேர்வு நாளைக் குறிக்கும் முன்பே பியர்சன் வியூவுக்கும் வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சரியாக இருந்தால் அன்றே தேர்வு நாளைக் குறித்துவிடுவது நல்லது. கடைசி வாரத்திற்குத் தள்ளிவைத்தால், மையத்தில் இடம் கிடைக்காமலோ உடல்நலம் குன்றியோ அந்த 90 நாட்கள் முடிந்துவிடக்கூடும்.

கட்டணங்களும் படிவங்களும் அவ்வப்போது மாறுகின்றன. இந்தியாவில் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருப்பதால், பழைய குழுமங்களின் அமைப்பும் மாற்றத்துக்கு உட்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அலுவலகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள விவரத்தையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.